சவரிமுத்து உடைக்காத முத்திரை

மண்ணுக்குள் போன பிறகும் என் நெஞ்சை விட்டு இறங்காத மாப்பிள்ளை சவரிமுத்துவுக்கு,

அந்தோணிதான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே கடுதாசி வந்தால் கவரைக்கூடப் பிரிக்காமல் "நீயே படிச்சுச் சொல்லு மச்சான்" என்று என்னிடம் நீட்டுகிற ஆள் நீ. இதையும் நானே படித்துச் சொல்கிறேன். கொஞ்சம் சத்தமாகவே படிப்பேன். இந்தத் தடவை ஊரும் கேட்டாக வேண்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. வெள்ளைக்காரன் போய்விட்டான். அரியலூர் கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். நீ ஓட்டி, நான் கிளீனராக இருந்த நம் பஸ்ஸின் முதுகில் யுத்தம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்த கரி டிரம்மை ஒரு வழியாகக் கழற்றியாகிவிட்டது. முதலாளி அதை இரண்டாக வெட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வைத்திருக்கிறார். உன் நெஞ்சில் புகையை ரொப்பிய டிரம்மில் இப்போது எருமை வாய் வைக்கிறது. மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. திருமானூர்ப் பக்கம் கொள்ளிடத்துக்காரன் பிழைத்துக்கொண்டான், நமக்குச் சோளம்கூடப் பொக்குதான்.

உன் மகள் பிலோமினாவுக்கு ஏழு வயசு. அவளால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஏலாக்குறிச்சிக்கு உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் வெல்லப் பானையின் வேடுகட்டை அவிழ்த்து பிள்ளை ஒரு துண்டு எடுத்துவிட்டது. எந்தப் பிள்ளை எடுக்காது? என் தங்கச்சி ஆரோக்கியம் அகப்பைக் காம்பால் விளாசிவிட்டாள். "தொறக்காதேன்னு சொன்னா தொறந்துதான் பாப்பியா? அப்பன் புத்தி அப்பிடியே வந்துருக்கு! அந்த ஆளும் இப்பிடித்தான் தொறக்கக் கூடாததைத் தொறந்து என் குடியைக் கெடுத்துட்டுப் போனாரு!"

நான் கையில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தேன் மாப்ளே. அந்த அடி எனக்கு விழ வேண்டியது, அந்தப் பேச்சும் எனக்கு விழ வேண்டியது. வாங்கிக்கொண்டவர்கள் ஏழு வயசுப் பிள்ளையும் செத்துப்போன நீயும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான், அவளையும் இழந்துவிடுவேனோ என்ற பயம்.

ஊருக்குத் தெரிந்த கதை என்ன? சவரிமுத்து மயக்க டிரைவர். பேரளிக்குப் பக்கத்தில் பஸ்ஸைப் பள்ளத்தில் விட்டவன். முதலாளி பெரிய மனசு பண்ணி மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுத்தார், இரண்டு நாள் மோட்டார் ஓட்டத்துக்கு அனுப்பினார். அங்கேயும் போய், திறக்கக் கூடாத பானெட்டைத் திறந்து வெளியே தள்ளப்பட்டான். இதுதான் கதை. டீக்கடையில் இன்றைக்கும் எவனாவது அவசரக் குடுக்கைத்தனம் பண்ணினால் "என்னடா சவரிமுத்து வேலை பாக்குற" என்கிறார்கள்.

நடந்ததை இப்போது நான் சொல்கிறேன். இடையில் பேசாமல் கேள்.

அந்த மயக்கம் உன் தப்பு இல்லை. யுத்தத்தில் பெட்ரோல் இல்லை, கரியை எரித்து வருகிற வாயுவில் பஸ்ஸை ஓட்டச் சொன்னார்கள். குழாய் மூட்டெல்லாம் ஒழுகல். புகை உள்ளே வரும், சாயங்காலம் ஆனால் உனக்குத் தலை வெடிக்கும். "கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது மச்சான்" என்று நீ சொன்னபோதெல்லாம் நான் சோடா வாங்கிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். பேரளித் திருப்பத்தில் நீ ஸ்டியரிங் மேலேயே சாய்ந்தாய். ஒரு கிழவருக்குக் கை முறிந்தது, அதோடு போயிற்று. முதலாளி மறுநாளே உன்னை நிறுத்திவிட்டார். திருச்சி வரைக்கும் ஒருத்தனும் உனக்கு வண்டி கொடுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தாய். சும்மாவா கிடந்தாய்? தினமும் ஷெட்டுக்கு வந்து, நிற்கிற பஸ்ஸைத் துடைத்துவிட்டுப் போவாய். அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் திருச்சி மோட்டார்க்காரர்கள் கூடி அந்த ஓட்டத்தை வைத்தார்கள். பெரம்பலூரில் கிளம்பி, பாடாலூர், சமயபுரம், லால்குடி, கீழப்பழுவூர், அரியலூர், மறுபடி பெரம்பலூர். இது ஒரு சுற்று. பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் மூன்று சுற்று, மறுநாளும் மூன்று. வேகமாகப் போகிறவன் பெரிய ஆள் இல்லை, கெடாமல் போய்ச் சேருகிறவன்தான் ஆள். ஒரு வண்டிக்கு இரண்டே பேர். வேறு யாரும் வண்டியைத் தொடக் கூடாது. எஞ்சினில் கை வைக்கவே கூடாது என்று பானெட்டின் இரண்டு பக்கமும் நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். முத்திரை போனால் ஆளும் போனான்.

முதலாளிக்கும் ஆசை. பெரிய மனிதர்கள் எல்லாம் வண்டி விடும்போது தன் பழைய டூரிங் கார் மட்டும் ஷெட்டில் கோழி அடைகாக்கவா என்று நினைத்தார். உன்னைக் கூப்பிட்டுவிட்டார். "ஜெயிச்சுக் கிழிக்க வேணாம்டா. ரெண்டு நாளும் மயங்காம ஓட்டி முடிச்சுட்டு வா. மறுநாளே பஸ்ஸு உனக்கு" என்றார். நீ வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கூட வந்தா நீதான் வரணும்" என்றாய். எனக்குப் பதிலாக இன்னொருத்தனைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா நீ?

ஒன்பது வண்டி நின்றது பெரம்பலூரில். மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் இரண்டு பேர், தொப்பியும் தெர்மாஸ் குடுவையுமாக. ஒரு ஜமீன் வீட்டுப் பிள்ளை, சமையல்காரனையே இரண்டாவது ஆளாகக் கூட்டி வந்திருந்தான். திருச்சியிலிருந்து டாக்டர் அண்ணன் தம்பி, அவர்கள் வண்டி மட்டும் புதுக் கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. நம் வண்டியின் கான்வாஸ் கூரையில் நான் தைத்த ஒட்டு அப்படியே தெரிந்தது. ஜமீன் பிள்ளை உன்னைப் பார்த்து "என்னப்பா, டிக்கெட் கிழிக்கிறீங்களா?" என்று கேட்டான். "ஏறுங்க சாமி, முன் சீட்டு இருக்கு" என்றாய் நீ. வெள்ளைக்காரனுக்குக்கூட யாரோ அதை மொழிபெயர்த்துச் சொல்லி அவன் சிரித்தான்.

முதல் நாள் எவ்வளவு நன்றாக ஓட்டினாய்! கரும்பு வண்டிக்காரனிடம் வழி கேட்பதற்கு ஹாரன் அடிக்கவே மாட்டாய், கூப்பிட்டுக் கேட்பாய், அவனும் ஒதுங்குவான். டாக்டர்கள் ஹாரனை அமுக்கி அமுக்கி மாட்டை மிரட்டி லால்குடி வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கினார்கள். வெள்ளைக்காரன் பாடாலூர்ப் பக்கம் ஸ்பிரிங் பட்டையை உடைத்துக்கொண்டான். நமக்கு மாட்டு லாடத்து ஆணி இரண்டு தடவை டயரில் ஏறியது, பெட்ரோல் டாங்க் ஒரு இடத்தில் கசிந்தது. பஸ்ஸில் செய்கிற மாதிரி சவுக்காரக் கட்டியைப் பிசைந்து அப்பினேன், நின்றுவிட்டது. ஜமீன் வண்டி என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, சமையல்காரன் மட்டும் சமயபுரத்தில் ரோட்டோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

அரியலூரில் ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று அட்டையில் முத்திரை குத்த வேண்டும். மேஜையை எங்கே போட்டார்கள்? நம் பஸ் நிற்கிற அதே வேப்பமரத்தடியில். பன்னிரண்டு வருஷமாக அந்த மரத்தடியில் வண்டி நின்றால் நான் என்ன செய்வேன்? குதிப்பேன், முன்னால் ஓடுவேன், கொக்கியைத் தட்டிப் பானெட்டைத் தூக்குவேன். கரி பஸ் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அங்கே பிளக்கைத் துடைக்காவிட்டால் வண்டி மறுபடி உறுமாது. நான் செய்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் கை செய்துவிடும்.

உனக்கு அது தெரியும். முதல் நாள் மூன்று தடவையும் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே "மச்சான், கை!" என்று கத்தினாய். நான் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினேன். மேஜைக்கார குமாஸ்தா "ஏன்யா, குளிருதா?" என்று கேட்டார்.

இரண்டாம் நாள் கடைசிச் சுற்று. ஒன்பதில் நாலு வண்டிதான் மிச்சம், நாம் மூன்றாவது. உனக்கு மயக்கம் வரவில்லை, கண் கலங்கவில்லை, கை நடுங்கவில்லை. கீழப்பழுவூர் தாண்டியதும் நீ பாட்டுப் பாட ஆரம்பித்தாய். உன் கல்யாணத்துக்கு அப்புறம் நீ பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான். முந்தின நாள் இரண்டு பஞ்சரும் ஒட்டின அலுப்பு எனக்கு, வெயில் வேறு. உன் பாட்டைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினேன்.

வண்டி நின்ற குலுக்கலில்தான் முழித்தேன், நீ "கை!" என்று கத்தினாயோ என்னவோ, என் காதில் விழவில்லை. வேப்பமரம். குதித்தேன். ஓடினேன். கொக்கியைத் தட்டினேன். நூல் அறுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை மாப்ளே. பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிளக் எல்லாம் சுத்தமாக இருக்கிறதே என்று யோசித்தேன். அப்புறம்தான் அரக்குத் துண்டு காலடியில் கிடப்பதைப் பார்த்தேன்.

அட சேசுவே! அந்தக் கையை அங்கேயே வெட்டியிருக்கலாம்.

குமாஸ்தா அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார். "யாருய்யா தொறந்தது?" பானெட் அதற்குள் கீழே விழுந்திருந்தது, நான் சிலையாக நின்றேன். நீ ஸ்டியரிங்கை விட்டு மெதுவாக இறங்கினாய். என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் சார் தொறக்கச் சொன்னேன். சூடு ஏறிடுச்சு. டிரைவர் நான், சொன்னதைச் செஞ்சான் அவன்" என்றாய். அவர் அட்டையில் குறுக்கே கோடு போட்டார். ஒரு கோடுதான்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? இதைத்தான் இரண்டு வருஷமாக என்னையே கேட்கிறேன். திகைப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அந்த நிமிஷம் திகைப்பு, சரி. அதற்கப்புறம் வந்த மாதங்கள் எல்லாம் என்ன? பயம்தான். என் வேலை, என் சோறு. நீ தாங்கிக்கொண்டாய், நான் இறக்கி வைத்துவிட்டுக் கை வீசி நடந்தேன்.

கணக்கில் இல்லை என்று ஆன பிறகும் பெரம்பலூர் வரைக்கும் நீதான் ஓட்டினாய். "வுடு மச்சான், அழுவாத. ரெண்டு பேரு வேல போறதுக்கு ஒருத்தன் வேல போவட்டும். உனக்கு இருக்குற வேல, எனக்கு இல்லாத வேல" என்றாய். பேரளித் திருப்பம் வந்தது. அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்து, அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடியே, ஒரு கோடு கிழித்த மாதிரி வளைத்து எடுத்தாய். எவ்வளவு அழகாக எடுத்தாய்! பார்க்க என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. அப்போதுதான் அதையும் சொன்னாய்: "ஆரோக்கியத்துக்கிட்ட மூச்சு வுட்றாத. அண்ணன் தங்கச்சி மொவம் பாக்காமப் போயிரும். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்தான்."

பெரம்பலூரில் கொடியை ஏற்கெனவே சுருட்டிவிட்டார்கள். முதலாளி உன்னைப் பார்த்து, "மயக்கம்தான்னு நெனச்சேன், மண்டையிலயும் ஒண்ணும் இல்ல" என்றார். நீ சாவியை அவர் கையில் வைத்தாய்.

அப்புறம் சுண்ணாம்புக் கல் உடைக்கப் போனாய். புகையில் வெந்த நெஞ்சுக்கு அந்தத் தூசி எட்டு மாசம்கூடத் தாங்கவில்லை. அந்த எட்டு மாசமும் அவள் உன்னைப் பேசாத பேச்சு இல்லை. "ஒரு நூலை அறுக்காம இருக்கத் துப்பு இல்ல!" என்று நீ இருமும்போதும் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். நீ என்னைப் பார்த்துக் கண்ணால் 'வேண்டாம்' என்றாய். நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன்! உன்னைப் புதைத்த மாதமே முதலாளி பஸ்ஸை என்னிடம் கொடுத்தார். உன் ஸ்டியரிங்கைத்தான் நான் இப்போது பிடிக்கிறேன். ஆரோக்கியத்திடம் இதற்குப் பாராட்டு வேறு எனக்கு. "அண்ணன் பொறுப்பானவுக" என்று தெருவில் சொல்லிக்கொள்வாள்.

அந்த வெல்லப் பானை நாளுக்கு அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ வாய் மூடச் சொன்னது அவளுக்கு அண்ணன் வேண்டும் என்றுதானே? ஆனால் உன் பிள்ளை இனி வாழ்நாள் முழுக்க அப்பன் புத்தி, அப்பன் புத்தி என்று அடி வாங்கி வளர வேண்டுமா? உன் பேச்சை மீறினேன். மன்னிப்பாயோ மாட்டாயோ.

முதலில் முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பல்லைக் குத்தினார். "செத்தவனுக்கு இப்ப லைசென்ஸா குடுக்கப் போறேன்? போயி வண்டிய எடு, டயமாச்சு" என்றார். போய் எடுத்தேன். வேறென்ன செய்ய?

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். பிலோமினாவை அடுத்த வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். ஆரோக்கியம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வேப்பமரம், என் கை, நூல், நீ சொன்ன பொய், பேரளியில் நீ சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் எனக்குச் சாதகமாக வளைக்கவில்லை, மாதா சாட்சி.

முறம் நின்றது. முறத்தால் அடிப்பாள், முகத்தில் துப்புவாள் என்று நினைத்தேன். ஏன், அதற்காகத்தான் போனேன். அவள் கத்தவில்லை. ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்:

"இப்ப எதுக்குண்ணே சொல்ற? கடைசி நாளு, தண்ணி கேட்டாரு. தம்ளரைக் குடுக்கையிலகூட ஒரு பேச்சு பேசித்தான் குடுத்தேன். அதை நான் யாருகிட்டப் போயி திருப்பி வாங்குவேன்?"

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொழுது சாயும் வரைக்கும் வாசலில் நின்றேன். உள்ளே அழுகைச் சத்தம்கூட இல்லை.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார் சொன்னார். எனக்கு லேசாகவில்லை மாப்ளே. என் பாரத்தை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். முன்னே அவளுக்குக் கோபமாவது இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். சொல்லாமல் இருந்ததும் துரோகம், சொன்னதும் கொடுமை. இரண்டையும் நானே செய்து முடித்தேன்.

ஆனாலும் ஊருக்குச் சொல்லத்தான் போகிறேன். இதை அச்சடித்துத் தர அச்சாபீசில் சொல்லியாயிற்று. கல்லறைத் திருநாளன்று உன் குழிக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கோயில் வாசலில் நானே ஆளுக்கு ஒரு தாளாகக் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நின்று படிப்பேன். சிரிக்கிறவர்கள் இனிமேல் என் பெயரைச் சொல்லிச் சிரிக்கட்டும். அதனால் உனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

உனக்கு ஒரே ஒரு சத்தியம் செய்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அவள் வாசலில் போய் நிற்பேன். உள்ளே கூப்பிட வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். எட்டு மாசம் உன்னைத் திட்டினாளே, அதில் ஒரு வார்த்தையை, ஒன்றே ஒன்றை, என் முகத்தைப் பார்த்து அவள் சொல்லும் வரைக்கும் நிற்பேன். இந்த ஞாயிறும் போனேன். கதவு திறக்கவில்லை.

இப்படிக்கு,
அவள் அண்ணன் என்று சொல்ல வாய் வராத,
உன் மச்சான்
அந்தோணி